ரோஸ்லின் டீச்சரும் ரிஸ்பாளின் பாறையும்

அன்று காலை எங்கள் பஸ் ரோஸ்லின் டீச்சரின் நிறுத்தத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். கண்டக்டர் படியில் இறங்கி நின்று, சர்ச்சுக்குப் பின்னால் போகும் சந்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், "டீச்சர் லீவுங்களா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். சொல்லாமல் லீவு எடுக்கிறவர் இல்லை அவர். "சரி, பின்னாடி வண்டில வருவாங்க" என்று கண்டக்டர் விசில் கொடுத்தார். ஜன்னலோரத்தில் அவருக்காக இடம் போட்டு வைத்திருந்த என் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சொல்லியிருக்கலாமே என்று உள்ளுக்குள் சின்னதாக ஒரு கோபம்கூட வந்தது.

பெரம்பலூர் போய்ச் சேர்வதற்குள் போன் வந்தது. டீச்சரின் பக்கத்து வீட்டுப் பெண் பேசினாள். வெகுநேரமாகப் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்ததால் கதவைத் தட்டியிருக்கிறாள். திறக்காமல் போகவே ஆட்களைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை உடைத்திருக்கிறார்கள். டீச்சர் சமையலறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாராம். விடிவதற்கு முன்பே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அப்படியென்றால், நாங்கள் ஹாரன் அடித்துக் கூப்பிட்டபோது அவர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்திருக்கிறார். நாங்கள்தான் அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டிருக்கிறோம்.

அரியலூரிலிருந்து தினமும் பெரம்பலூர் போய்த் திரும்பும் கணக்கு டீச்சர் நான். அவர் அதே பள்ளியில் அறிவியல் டீச்சர். பல வருடங்களாக ஒரே பஸ், ஒரே இருக்கை. எங்கள் பள்ளியிலும் அவருடைய சபையிலும் அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அவரை அடக்கம் செய்த நாளில் சர்ச் வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று பிளக்ஸ் வைத்திருந்தார்கள். படத்தில் டீச்சர் சிரிக்கவில்லை. போட்டோவுக்குச் சிரிக்கத் தெரியாதவர் அவர். எனக்குப் பின்வரிசை நாற்காலிகளில் மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டாங்களாம்ல?"

"ஒண்டிக்கட்டை. எத்தனை நாளைக்குத் தனியா சமைச்சுத் தனியா திங்கிறது? வெறுத்துப் போயிருக்கும்."

"வேணும்னே விட்டுட்டாங்களோ என்னமோ. யாரு கண்டா?"

இந்தக் குரல் எனக்குத் தெரியும். அந்த மூன்று பேரை எனக்குத் தெரியாது, ஆனால் ஷாமியானாவின் நிழலில் மட்டும் வருகிற இந்தத் தணிந்த குரலை நன்றாகத் தெரியும். என் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டபோது இதே குரலை வேறு வாய்களில் கேட்டிருக்கிறேன். அன்றும் எழுந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. இன்றும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

டீச்சர் வேதாகமம் வாசித்த விதம் அவருடைய சபையில் ஒரு கேலிப்பொருளாகவே இருந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை முதல் புத்தகமான ஆதியாகமத்தில் ஏறிக் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் இறங்குவார்கள். இவர் ஒரே அதிகாரத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். "ரோஸ்லின், நீ இன்னும் சாமுவேல்லயேவா நிக்கிற?" என்று ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா எல்லோருக்கும் முன்னால் கேட்டாராம். "நான் எறங்க வேண்டிய ஸ்டாப் இன்னும் வரலக்கா" என்று இவர் சொன்னாராம். இதை என்னிடம் சொல்லிவிட்டுப் பஸ்ஸின் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிற வீட்டில் பிறந்தவள். வேதாகமக் கதைகள் எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸில் அவர் சொல்லித்தான். என்னை மதம் மாற்றும் எண்ணம் அவருக்கு எள்ளளவும் இருந்ததில்லை. "வெளிய நின்னு பாத்தா அது யாரோ ஒரு ஊருக்காரங்க சரித்திரம் செல்வி. உள்ள போயி ஒரு எடம் பாத்து உக்காந்தாத்தான் அது நம்ம சங்கதி" என்பார்.

ஒருசமயம் என் நாத்தனார் எங்கள் வீட்டில் வந்து தங்கி, ஒரு டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காமல் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கணவரிடம் சொல்லிச் சொல்லி வீடு ரணமாகிக் கிடந்தது. பஸ்ஸில் டீச்சரிடம் கொட்டினேன். அவர் மார்த்தாள், மரியாள் என்று இரண்டு சகோதரிகளின் கதையைச் சொன்னார். வீட்டுக்கு இயேசு வந்திருக்கிறார். அக்கா அடுப்படியில் வேகிறாள். தங்கை அவர் காலடியில் உட்கார்ந்து கதை கேட்கிறாள். அக்கா வந்து, என் தங்கையை எனக்கு உதவச் சொல்லுங்கள் என்று இயேசுவிடம் முறையிடுகிறாள். எல்லாப் பிரசங்கத்திலும் மார்த்தாளுக்குத்தான் திட்டு விழும் என்றார் டீச்சர். "என்னயக் கேட்டா, அவ உதவி கேட்டதுல தப்பே இல்ல. பக்கத்துல இருக்கிற தங்கச்சிகிட்ட கேக்காம விருந்தாளிகிட்ட போய்ச் சொன்னா பாருங்க, அதுலதான் வம்பு. நீங்களும் நேரா கேளுங்க."

நேராகக் கேட்டேன். நாத்தனார் அன்று மாலையே பையைத் தூக்கிக்கொண்டு ஜெயங்கொண்டம் போய்விட்டார். மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். "அவங்க அந்த அதிகாரம் படிச்சதில்ல போல" என்று சொல்லிவிட்டுப் வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். இருவரும் இறங்கும்வரை சிரித்தோம்.

அப்படிச் சிரித்த ஒருத்தி நான் என்பதே இப்போது யாரோ சொல்லிக் கேட்பது போல இருக்கிறது.

என் மகன் அகிலன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்தான். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டுக் கைவிட்ட பள்ளங்கள் இருக்கின்றன. ஊரில் மைன்ஸ் என்பார்கள். மழைத்தண்ணீர் தேங்கி, அடி தெரியாமல் பச்சையாகக் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் தனியாக அங்கே போனான். மறுநாள்தான் எடுத்தார்கள். கரையில் அவனுடைய செருப்புகள் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. ஒரு செருப்புக்குள் போன் இருந்தது. குளிக்கப் போகிறவனும் அப்படித்தான் வைப்பான். திரும்பி வரும் எண்ணம் இல்லாதவனும் அப்படித்தான் வைப்பான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்குமேல் இன்றுவரை எனக்கு எதுவும் தெரியாது.

ஆனால் ஷாமியானாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அரியர் இருந்ததாம். ஏதோ ஒரு பெண்ணாம். நீச்சல் தெரிந்த பையன் எப்படி முழுகுவான்? "அம்மாக்காரி டீச்சராச்சே, வூட்லயும் பிரம்போடதான் நின்னிருப்பா" என்று ஒரு குரல். அவனை இன்னும் வீட்டுக்குக்கூடக் கொண்டு வந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே இவர்களும்.

கல்யாணம் ஆகாத பையன், பெரிதாகச் செய்ய வேண்டாம், வீட்டோடு ஒரு படையல் போதும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரின்மேல் இலை போட்டு, சோறும் கோழிக்குழம்பும் அவனுக்குப் பிடித்த புரோட்டாவும் வைத்தோம். காக்கை வந்து எடுத்தால்தான் அவன் மனம் ஆறிப் போனான் என்று கணக்கு. காக்கை வரவில்லை. மற்ற நாட்களில் வடாம் காயப்போட விடாத காக்கைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. எல்லோரும் வெயிலில் நின்றோம். "கோவமா இருக்கான்" என்றார் யாரோ. "மனசுல எதையோ வச்சிக்கிட்டுத்தான் போயிருக்கான்" என்றார் இன்னொருவர். எல்லோருடைய சந்தேகத்துக்கும் காக்கை சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். முதலில் காக்கையைப் போல. அப்புறம், "வாய்யா, அம்மா கூப்புடுறேன்ல" என்று.

கடைசியில் ஒரு காக்கை வந்தது. தண்ணீர்த் தொட்டியின்மேல் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு சுவரில் இறங்கி, இலைக்குப் பக்கத்தில் தத்தி வந்தது. அந்த நேரம் தொட்டிக்கருகே நின்றிருந்த ரோஸ்லின் டீச்சர் முந்தானையை வீசி, "ச்சூ" என்று அதை விரட்டிவிட்டார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாமல் இல்லை. எத்தனையோ படையலுக்கு வந்து நின்றிருக்கிறார். வீசிய கையைக் கீழே இறக்காமல் அவரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் நாத்தனார்தான் முதலில் வாய் திறந்தார். "பசியோட வந்த புள்ளைய வெரட்டி வுட்டுட்டியே, நீயெல்லாம் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறவளா?" டீச்சர் மெல்லப் படியிறங்கிப் போனார். அதன்பிறகு எவ்வளவு கூப்பிட்டும் எந்தக் காக்கையும் வரவில்லை. இலையை மாட்டுக்கு வைத்தார்கள்.

நான் வேலைக்குத் திரும்பியபோது பஸ்ஸில் அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். நான் பேசவில்லை. அவர்மேல் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கோபப்பட ஒரு ஆள் உள்ளே இருக்க வேண்டும். ஒருநாள் அவர் ஏதோ ஆரம்பித்தபோது, உங்கள் கதை எதையும் என்னிடம் சொல்லாதீர்கள் என்றேன். சரி என்றார். அதன்பின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

பள்ளி அரைநாளோடு முடிந்த ஒரு நாள், திரும்பும் வழியில், மைன்ஸுக்குப் பாதை பிரியும் இடத்தில் நான் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். எதற்கு இறங்கினேன் என்று இன்று மறைக்க ஒன்றுமில்லை. திரும்பி வருகிற எண்ணம் எனக்கு இல்லை. கொஞ்ச தூரம் நடந்தபிறகுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சரும் இறங்கியிருந்தார். கூப்பிடவில்லை, ஓடி வந்து கையைப் பிடிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

பள்ளத்தின் விளிம்பில் வெள்ளைப் பாறை வெயிலில் கொதித்தது. கீழே அந்தப் பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. டீச்சர் கட்டைப்பையிலிருந்த விடைத்தாள்களை எடுத்து ஓரமாக வைத்து அவற்றின்மேல் ஒரு கல்லை வைத்தார். பையை உதறிப் பாறைமேல் விரித்தார். "சுடுது. இதுமேல உக்காருங்க" என்றார். ஏன் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. சாவதற்குப் போகிறவளுக்கும் உட்காரச் சொன்னால் உட்காரத் தோன்றுகிறது.

"அன்னைக்கு என் கை தானா போயிடுச்சு செல்வி" என்றார். "காக்கா எலைகிட்ட வந்ததும் எனக்கு எலை தெரியல. பையன்தான் தெரிஞ்சான். அவன் மேலயே எறங்குற மாதிரி இருந்துச்சு."

பிறகு, சொல்லட்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் பல வருடங்களாக உட்கார்ந்திருந்த அதிகாரத்தை அன்றுதான் எனக்குச் சொன்னார். சவுல் என்ற ராஜாவுக்கு ரிஸ்பாள் என்று ஒருத்தி இருந்தாள். பட்டத்து ராணி இல்லை, சேர்த்துக்கொண்டவள். ராஜா செத்துப் போகிறான். பிறகு நாட்டில் பஞ்சம் வருகிறது. செத்த ராஜா செய்த பாவத்தால்தான் பஞ்சம் என்று சொல்லி, அவன் வம்சத்துப் பிள்ளைகளைப் பலி வாங்குகிறார்கள். அதில் ரிஸ்பாளின் இரண்டு மகன்களும் உண்டு. எல்லோரையும் மலையில் தூக்கிலிட்டு, புதைக்காமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது அறுப்புக் காலத்தின் தொடக்கம். ரிஸ்பாள் ஒரு சாக்கை எடுத்துப் போய்ப் பாறைமேல் விரித்து உட்காருகிறாள். வானத்திலிருந்து அவர்கள்மேல் மழை பெய்கிறவரை, பகலில் பறவைகளையும் இரவில் காட்டு மிருகங்களையும் அந்த உடல்களிடம் நெருங்க விடாமல் விரட்டிக்கொண்டே இருக்கிறாள்.

"அவ்ளோதானா?" என்றேன்.

"அவ்ளோதான். அழுதான்னுகூட எழுதல. கடவுள்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அடுத்து வந்த ராஜாகிட்ட போய் நியாயம் கேக்கல. புள்ளைங்க எந்திரிச்சும் வரல. வெரட்டுனா, அவ்ளோதான்."

நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் தங்கை அமலாவைப் பற்றிச் சொன்னார். இத்தனை வருடப் பழக்கத்தில் முதல்முறையாக. கல்யாணமாகிப் பாடாலூர்ப் பக்கம் போனவள், மாமியார் வீட்டில் ஸ்டவ் வெடித்து இறந்தாள். வெடித்ததா, வெடிக்க வைத்தார்களா, அவளே ஊற்றிக்கொண்டாளா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். "எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஆனா ஒவ்வொருத்தரும் ஒரு காரணம் சொல்லிச் சொல்லி அவளக் கொத்தித் தின்னுட்டாங்க. கடைசில எனக்கே அவ மொகம் மறந்து போயி, செத்த விதம் மட்டும் நின்னுச்சு. அப்பதான் இந்த ரிஸ்பாளப் பாத்தேன். வெளிய இருக்கிற மலை இல்ல செல்வி, அது இங்க இருக்கு" என்று நெஞ்சைத் தொட்டார். "பகல்ல வர்றது ஊர்வாய். ராத்திரி வர்றது நம்ம மனசே."

நான் கூப்பிட்ட காக்கையை நீங்கள் விரட்டிவிட்டீர்களே என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மகன் போனபிறகு அப்படி வந்தது அதுதான் முதல்முறை.

"ஆமா. நீங்க கூப்புட்டீங்க, நான் வெரட்டிட்டேன். ரெண்டு பேரும் அவன் பக்கத்துலதான் நின்னோம்."

வெகுநேரம் கழித்து, எழுந்திருக்கும் முன் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என் உயிரை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டது அதுதான். "ரிஸ்பாளும் செத்துருக்கலாம். பாறைக்கு அந்தாண்ட பள்ளம் இல்லாமயா இருந்திருக்கும்? ஆனா அவளும் போயிட்டா அந்தப் புள்ளைங்களுக்கு யாரு இருக்கா? எல்லாம் வந்து எறங்கிடும். நீங்க போயிட்டீங்கன்னா, அகிலன் வெறும் செருப்பாயிடுவான் செல்வி. ஊரு சொல்ற கதை மட்டும்தான் மிஞ்சும். அவன் சிரிச்சது யாருக்குத் தெரியும்?"

அன்றிலிருந்து தினமும் காலையில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவர் தாழ்ந்த குரலில், "நேத்து என்ன வந்துச்சு?" என்று கேட்பார். நான் சொல்ல வேண்டும். பாலிடெக்னிக்கில் கூடப் படித்த பையனின் அம்மா மார்க்கெட்டில் நிறுத்தி, உங்களிடம் கடைசியாக என்ன பேசினான் என்று கேட்டாள். "அது பறவை" என்பார். இரவு படுத்திருந்தபோது, அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றானே, அப்போதே தெரிந்திருக்க வேண்டாமா என்று தோன்றியது. "அது மிருகம்." அவ்வளவுதான் அவர் சொல்வது. ஆறுதல் சொல்ல மாட்டார். அப்படி இருக்காது என்றுகூடச் சொல்ல மாட்டார். வந்ததற்கு ஒரு பெயர் வைப்பார், பிறகு இருவரும் சேர்ந்து அதைப் போகச் சொல்வோம். சில நாட்கள் கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதற்குள் முடிந்துவிடும். சில நாட்கள் பள்ளிக்கூட வாசல்வரை முடியாது.

ஒருநாள் செருப்பு வந்தது என்றேன். ஜோடியாக வைத்திருந்தானே, ஏன் அவ்வளவு ஒழுங்காக வைத்தான், வீட்டில் ஒருநாளும் அப்படி வைக்காத பையன். "இதுதான் பெரிய மிருகம்" என்றார் டீச்சர். "கொல்ல முடியுமா டீச்சர்?" "முடியாது. வெரட்டத்தான் முடியும். நாளைக்கும் வரும்." உங்களுக்கு மழை பெய்துவிட்டதா என்று அப்போதுதான் அவரிடம் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். "ஆனா அமலா மொகம் திரும்பக் கெடைச்சிருச்சு. மாங்கா தின்னுட்டுப் பல்லு கூசும்ல, அப்ப ஒரு மாதிரி கண்ணச் சுருக்குவா. அது வந்துருச்சு." இதைச் சொல்லும்போது டீச்சர் தன் கண்ணைச் சுருக்கிக் காட்டினார். நான் பார்த்தேயிராத அந்தப் பெண்ணை நான் பார்த்தேன்.

இப்போது, மாத்திரையைப் பற்றிப் பேசியவர்களுக்கு. இறப்பதற்கு முந்தின வாரம், அந்த மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது, கரும்பலகையில் எழுதும்போது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, சனிக்கிழமை டாக்டரிடம் போய் மாற்றித் தரச் சொல்ல வேண்டும் என்று டீச்சர் என்னிடம் சொன்னார். சனிக்கிழமை வருவதற்குள் போய்விட்டார். இடையில் மாத்திரை போட்டாரா, நிறுத்தினாரா, நிறுத்தியிருந்தால் எந்த மனநிலையில் நிறுத்தினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரியாததாகவே விட்டுவிடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவர் தங்கைக்கு அவர் செய்ததும், என் மகனுக்கு எங்கள் இருவராலும் செய்ய முடிந்ததும் அது ஒன்றுதான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். என் கணவர் கடையைச் சாத்திவிட்டுச் சீக்கிரம் வந்திருந்தார். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். எந்தப் பழுது எந்தச் சாமானால் தீரும் என்று சொல்லத் தெரிந்தவர். மகன் விஷயத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனுடைய அறைப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இரண்டு பாறைகளில் உட்கார்ந்திருந்தோம். அன்று நான் புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். இனிமேல் காலையில் என்னிடம் கேட்க ஆளில்லை என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. விளக்குப் போடவில்லை. அவர் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அந்த டீச்சரம்மா என்னமோ ஒரு கதை சொல்வாங்கன்னு சொன்னியே. என்ன அது?" என்றார்.

சொன்னேன். நான் அதை வாய்விட்டு இன்னொருவருக்குச் சொன்னது அதுவே முதல்முறை. டீச்சரைப் போலச் சொல்ல வரவில்லை. ராஜா பெயரைத் தப்பாகச் சொல்லித் திருத்தினேன். பஞ்சம், மலை, அறுப்புக் காலம், பாறை, சாக்கு, பறவைகள், மிருகங்கள். மழை பெய்கிறவரை அங்கேயே இருந்தாள் என்று முடித்தேன். பறவை எது, மிருகம் எது என்று விளக்கவில்லை. அவர் கேட்கவுமில்லை. கேட்டது வேறு.

"அறுப்புலேருந்து மழை வரைக்கும்னா மாசக்கணக்குல ஆவும். அதுவரைக்கும் அவளுக்குச் சோறு?"

"அதுல எழுதல."

"எழுதாட்டி என்ன, யாராச்சும் கொண்டாந்து குடுத்துருக்கணும்ல? அந்த எடத்த வுட்டு அவ நகரவே இல்லங்கிற. யாரோ ஒருத்தர் தெனமும் மலையேறி வந்து குடுத்துருக்கணும். இல்லன்னா எப்புடி உசுரு நிக்கும்?"

சொல்லிவிட்டு அவர் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். நான் அவர் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். எந்த மிருகம் அவரிடம் வந்தது என்று எனக்குத் தெரியாது. இனி ஒருநாள் கேட்க வேண்டும்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி எனக்குள் வேறு எங்கோ போய் விழுந்தது. இத்தனை வருடம் அந்த ஓர் அதிகாரத்திலேயே உட்கார்ந்திருந்த டீச்சர் இதை மட்டும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று யோசித்தேன். அன்று மைன்ஸிலிருந்து திரும்பியதற்கு மறுநாள் தொடங்கி, பஸ்ஸில் என் மடியில் அவர் ஒரு டப்பாவை வைப்பார். பொடி தடவிய இட்லி, எலுமிச்சம்பழச் சோறு, ஒருநாள் வெறும் பிரெட்டும் ஜாமும். "மிஞ்சிப்போச்சு செல்வி, வீணாப் போவுது, தின்னுடுங்க" என்பார். நான் வீட்டில் சமைப்பதை நிறுத்தியிருந்த காலம் அது. ருசி தெரியாமல், நன்றிகூடச் சொல்லாமல் தின்றேன். தனியாக இருக்கும் ஒருத்தி வீட்டில் தினமும் எப்படி மிஞ்சும் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

ஜெபக்கூட்டத்தில் அவரைக் கேலி செய்தவர்களிடமும், அவருடைய அறிவியல் வகுப்பை இன்றும் பேசுகிற மாணவிகளிடமும் அவரைப் பற்றிச் சொல்ல வேறு நல்ல செய்திகள் இருக்கும். என்னிடம் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். எனக்கு மழை பெய்யவில்லை. பெய்யும் என்று டீச்சர் ஒருநாளும் சொன்னதில்லை. இனி என் பாறைக்கு யார் ஏறி வருவார்கள் என்று தெரியவில்லை. நாளைக் காலையும் அதே பஸ்ஸில்தான் ஏற வேண்டும். ஆனால் ரிஸ்பாளுக்குச் சோறு கொண்டுபோன ஒருத்தி இருந்தாள், கதையை எழுதியவர் அவள் பெயரை எழுதாமல் விட்டுவிட்டார். என் கதையில் அப்படி விட்டுப்போகக் கூடாது. அவள் பெயர் ரோஸ்லின்.